அமெரிக்க முன்னோடிக் குடும்பத்தை நிலம், தேவாலயம், திருமணப் பதிவுகள் வழியே தேடுவது எப்படி?

வெளியிலிருந்து வந்து ஒரு பகுதியில் ஆரம்பகாலத்தில் குடியேறியவர்களை முன்னோடிக் குடும்பம் என்கிறார்கள். 1850-க்கு முந்தைய அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கும். மனைவியும் பிள்ளைகளும் வெறும் எண்ணிக்கைதான். அதனால்தான் மற்ற பதிவுகள் தேவைப்படுகின்றன. நாட்குறிப்பு எழுதாத ஒருவரின் வாழ்க்கையை, அவர் மேசையில் கிடக்கும் ரசீதுகளை வைத்து அறிவதுபோல.

நிலப் பத்திரத்தைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். கணவர் நிலம் விற்கும்போது, மனைவி அந்த நிலத்தில் தனக்குள்ள உரிமையை விட்டுக்கொடுக்கச் சம்மதமா என்று பல இடங்களில் அவரைத் தனியே கேட்டு எழுதினார்கள். வேறெங்கும் கிடைக்காத அவர் பெயர் அங்கே இருக்கும். தந்தை இறந்தபின் வாரிசுகள் சேர்ந்து விற்ற பத்திரம் கிடைத்தால் புதையல்தான்: மகள்கள், மருமகன்கள் எல்லாரும் அதில் வருவார்கள். அப்புறம் தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு; ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்கும் ஞானப்பெற்றோர் பல சமயம் உறவினர்களே. திருமணப் பதிவில் மணமகளின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் பெரும்பாலும் கிடைக்கும்.

ஒரே ஊரில் 'சீனியர்', 'ஜூனியர்' என்று இருவர் இருந்தால் அப்பா, மகன் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் ஒரே பெயருள்ள மூத்தவரையும் இளையவரையும் பிரித்துக்காட்டவும் அப்படி எழுதினார்கள், அவர்கள் உறவே இல்லாதவர்களாகவும் இருக்கலாம்.