பழைய போர் விமானத்தைக் காக்கக் கொடுக்கும் நன்கொடை முன்னாள் வீரர்களுக்கும் போய்ச் சேருமா?

பெரும்பாலும் சேராது, இரண்டும் தனித்தனி உண்டியல். பிரிட்டனில் விமானப்படையினருக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் உதவும் நல நிதியை 1919-இல் அப்படையின் தலைவர் ஹியூ டிரெஞ்சார்ட் தொடங்கினார். விமானங்களைப் பாதுகாப்பது வேறு அறக்கட்டளைகளின் வேலை.

வல்கன் எக்ஸ்எச்558 குண்டுவீச்சு விமானத்தைப் பாருங்கள். அதை மீண்டும் பறக்கவைக்க, பிரிட்டனின் தேசிய லாட்டரி நிதியிலிருந்து சுமார் 27 லட்சம் பவுண்டு கிடைத்தும் போதவில்லை. 2006-இல் திட்டமே முடங்கப் பார்த்தது. ஜாக் ஹேவர்ட் என்ற செல்வந்தர் 5 லட்சம் பவுண்டு கொடுத்துக் கைதூக்கிவிட்டார். 2007-இல் மீண்டும் பறந்தது. யானையைக் கட்டித் தீனி போடுவது போலத்தான்! ஆனால் 2015-இல் அது பறப்பதை நிறுத்தியதற்குப் பணம் காரணமில்லை. தொழில்நுட்பப் பொறுப்பேற்றிருந்த நிறுவனங்கள் விலகிக்கொண்டன. அவை இல்லாமல் பறக்க அனுமதி கிடையாது.

வீரர்களுக்கு உதவ நினைத்தால் நல நிதிக்கே நேரடியாகக் கொடுங்கள்.