மிதிவண்டிப் பயணிகளை வீட்டில் தங்கவைத்தல்: தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களுக்குக் கேள்வி பதில்

பெங்களூரிலிருந்து மிதிவண்டியில் தெற்கே புறப்படுகிறவர், சுமையோடு ஒரு பகலில் ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஓட்டினால் கிருஷ்ணகிரியை அடைந்துவிடலாம். அதனால் நெடுந்தூரப் பயணிகள் பலருக்கு முதல் இரவு எங்கள் ஊரில்தான் கழிகிறது. பல ஆண்டுகளாக அவர்களை வீட்டில் தங்கவைத்து வருபவள் என்ற முறையில், இரு மாவட்டங்களிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

காவேரிப்பட்டினத்திலிருந்து ஓர் ஆசிரியை: அம்மா, எங்களுடையது சிறிய வீடு. குளிர்சாதன வசதியும் இல்லை. நாங்கள் பயணிகளை அழைக்கலாமா?

தாராளமாக அழைக்கலாம். 1993இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டு இன்று உலகெங்கும் பயணிகளையும் வீட்டாரையும் இணைக்கிற வார்ம்ஷவர்ஸ் அமைப்பு, குளியலையே தன் பெயராக வைத்துக்கொண்டிருக்கிறது. பயணி முதலில் தேடுவது அதைத்தான். ஒரு வாளி வெந்நீர், துணி அலசி உலர்த்த ஒரு கொடி, மின்விசிறிக்குக் கீழே ஒரு பாய், கைபேசிக்கும் விளக்குக்கும் மின்னேற்றம் செய்ய ஓர் இணைப்பு, வண்டியை உள்ளே வைத்துப் பூட்ட ஓர் இடம் ஆகியவை இருந்தால் உங்கள் வீடு போதும்.

வந்தவரை எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் நாம் கவனமாக இருக்க வேண்டும். வெயிலில் ஏழெட்டு மணி நேரம் மிதித்து வந்தவரைக் கூடத்தில் உட்காரவைத்து, பக்கத்து வீட்டாரையெல்லாம் அழைத்து, எந்த நாடு, என்ன சம்பளம், கல்யாணம் ஆயிற்றா என்று வரிசையாகக் கேட்பதை நாம் அன்பு என்று நினைக்கிறோம். அவருக்கு அது அன்றைய நாளின் கடைசி மேட்டைவிடக் கடினமாக இருக்கிறது. உப்பிட்ட மோரைக் கொடுத்து, குளியலறையைக் காட்டி, ஒரு மணி நேரம் தனியே விட்டுவிடுங்கள். அதன்பிறகு அவரே வந்து பேசுவார். எட்டரை மணிக்கு அவருக்குக் கண் சொக்கும். அப்போது புகைப்பட ஆல்பத்தை எடுக்காதீர்கள்.

ஓசூரிலிருந்து: வெளிநாட்டவர் தங்கினால் காவல் நிலையத்தில் சொல்ல வேண்டுமா?

சொல்லியே ஆக வேண்டும், அதுவும் இணையம் வழியாக. வெளிநாட்டவர் வந்த 24 மணி நேரத்துக்குள், குடியேற்றத் துறையின் இணையதளத்தில் அவருடைய கடவுச்சீட்டு, விசா விவரங்களை வீட்டுக்காரர் பதிவு செய்ய வேண்டும். சி படிவம் என்று நெடுங்காலமாக அறியப்பட்ட நடைமுறை இது. விடுதிக்கு மட்டும்தான், பணம் வாங்காத வீட்டுக்கு இல்லை என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. பதிவு செய்வதற்கு உங்கள் வீட்டுக்கென ஒரு கணக்கு வேண்டும், அதற்கு ஒப்புதல் கிடைக்க நாளாகும். ஆகவே விருந்தினர் வாசலில் நிற்கும்போது தொடங்காமல், முதல் பயணியின் வேண்டுகோளை ஏற்பதற்கு முன்பே கணக்கைத் தொடங்கிவிடுங்கள். மாவட்டத்தில் வெளிநாட்டவர் பதிவு அதிகாரியாக இருப்பவர் காவல் கண்காணிப்பாளர். ஐயம் இருந்தால் அவருடைய அலுவலகத்தில் கேளுங்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்று. மலைப்பாதைகளில் உதவி கோருவதற்காகச் சிலர் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவிகளைக் கொண்டுவருகிறார்கள். உரிய அனுமதியின்றி அவற்றை வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம். விமான நிலையங்களில் பலர் பிடிபட்டிருக்கிறார்கள். உங்களிடம் வரப்போகிறவர் தம் நாட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்பே இதை அவருக்கு எழுதிவிடுங்கள்.

பாலக்கோட்டிலிருந்து ஓர் இல்லத்தரசி: களி கொடுத்தால் சாப்பிடுவார்களா, அல்லது ரொட்டி, நூடுல்ஸ் வாங்கிவைக்க வேண்டுமா?

களியே கொடுங்கள். கேழ்வரகு விளையும் ஊரில் பாக்கெட் நூடுல்ஸைத் தேடிப் போக வேண்டாம். சூடான களியும் கீரைக் கடைசலும் வைத்தால், மென்று தின்னாமல் விழுங்க வேண்டும் என்பதை ஒருமுறை காட்டிவிட்டால் போதும். காரத்தை மட்டும் பாதியாகக் குறையுங்கள். பால், தயிர், நெய் எதையும் தொடாத தாவர உணவினர் இவர்களில் கணிசமாக இருக்கிறார்கள்; நிலக்கடலை ஒவ்வாத சிலருக்கு அது உயிருக்கே ஆபத்து. ஆகவே கேட்டுவிட்டுச் சமையுங்கள். இரவு உணவு ஏழு மணிக்குள் முடியட்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு நாலு இட்லியும் இரண்டு வாழைப்பழமும் தயாராக இருக்கட்டும். வேண்டாம் என்று இலையை மறைத்தபிறகும் பரிமாறுகிற பழக்கத்தை இவர்கள் விஷயத்தில் விட்டுவிடுங்கள், ஏனெனில் மறுநாள் மேடேறப் போவது அந்த வயிறுதான்.

பென்னாகரத்திலிருந்து: எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொதிக்கவைத்துக் கொடுத்தால் போதுமா?

நம் இரு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு மிகுதி. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு சற்றுக் கூடத்தான் செய்யும். ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். ஓர் இரவு குடிப்பதால் விருந்தினருக்குப் பல்லோ எலும்போ கெடாது. அந்தக் கேடு ஆண்டுக்கணக்கில் குடிப்பவருக்கே வருகிறது. எனவே ஒகேனக்கல் நீரைப் பிடித்துக் கொதிக்கவைத்து அவருக்கும் கொடுங்கள், உங்கள் பிள்ளைகளுக்கும் அதையே கொடுங்கள்.

ஊத்தங்கரையிலிருந்து: ஓர் இரவுக்கு எவ்வளவு பணம் கேட்கலாம்?

கேட்கக்கூடாது. பணத்துக்கு இடம் தர விரும்பினால் அது வேறு தொழில், அதற்கு வேறு விதிகள் இருக்கின்றன.

தருமபுரியிலிருந்து ஓர் இளைஞர்: எங்கள் விருந்தினர் நாளை சேலம் போகிறார். தொப்பூர் வழியாக அனுப்பலாமா?

தயவுசெய்து அனுப்பாதீர்கள். தெற்கு நோக்கிப் போகிறவருக்குத் தொப்பூர் கணவாய் நீண்ட இறக்கம். டீசல் மிச்சமாகும் என்று கியரை நியூட்ரலில் போட்டு இறங்குகிற கனரக லாரிகள், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய் முன்னால் செல்வதன்மீது மோதுகின்றன. அங்கே அடுத்தடுத்து நடந்த கோர விபத்துகளை நாம் எல்லோரும் செய்திகளில் பார்த்திருக்கிறோம். தருமபுரியிலிருந்து மொரப்பூர், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, மஞ்சவாடிக் கணவாய், அயோத்தியாப்பட்டினம் வழியாகச் சேலம் போகட்டும். நேர்வழி 65 கிலோமீட்டர் என்றால் இது ஏறக்குறைய 100 வரும். ஒரு நாளில் முடிகிற தூரம்தான்.

ஓசூரைச் சேர்ந்த ஒரு நெடுந்தூர மிதிவண்டி ஓட்டுநரின் மறுப்பு: அம்மா தேவையில்லாமல் பயமுறுத்துகிறார். நான்கு வழிச்சாலையில் ஓரம் அகலமாக இருக்கிறது. நானே பலமுறை இறங்கியிருக்கிறேன். கிளைச்சாலைகளில் எதிரே முந்திவரும் பேருந்துகள்தான் ஆபத்து.

கிளைச்சாலைப் பேருந்துகளைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. அங்கும் கவனம் வேண்டும். ஆனால் எதிரே வரும் பேருந்து கண்ணுக்குத் தெரிகிறது, மண்ணில் இறங்கி ஒதுங்க நேரம் கிடைக்கிறது. தொப்பூரில் ஆபத்து முதுகுக்குப் பின்னால் வருகிறது. சாலையோரம் அகலமாக இருப்பது உண்மையானாலும், கட்டுப்பாடு இழந்த லாரி வெள்ளைக் கோட்டை மதித்து நிற்பதில்லை.

அதே ஓசூர் வாசகர்: அப்படியானால் வடக்கே வருகிறவர்களும் சுற்றித்தான் வர வேண்டுமா?

வேண்டாம். இது நல்ல கேள்வி. சேலத்திலிருந்து வருகிறவருக்கு அது ஏற்றம். இரு திசைக்கும் தனித்தனிச் சாலைகள் இருப்பதால், அவருடைய பக்கத்தில் லாரிகளும் ஊர்ந்துதான் ஏறுகின்றன. பகலில், பளிச்சென்ற மேலாடையும் சிவப்புப் பின்விளக்கும் அணிந்து ஓரமாக ஏறி வரலாம். என் எதிர்ப்பு இறக்கத்துக்கு மட்டுமே.

ஓமலூரிலிருந்து ஒரு லாரி ஓட்டுநர்: இறக்கத்தில் பாரத்தோடு வரும்போது, வளைவைத் தாண்டி ஒரு சைக்கிள் இருந்தால் எங்களுக்குத் தெரிவதில்லை. தெரிந்தாலும் உடனே நிறுத்த முடியாது. அந்த அம்மா சொல்வதைக் கேளுங்கள்.

நன்றி ஐயா. ஓட்டுகிறவரே சொல்லிவிட்டதால் இதற்குமேல் நான் வாதிடப் போவதில்லை. நேரம் இல்லாத பயணியாக இருந்தால், அந்த இறக்கத்தை மட்டும் ஒரு மினி டெம்போவில் வண்டியை ஏற்றிக் கடக்கச் செய்யுங்கள். வீட்டுக்காரரின் பொறுப்பு காலைச் சிற்றுண்டியோடு முடிவதில்லை. எந்தச் சாலையில் அனுப்புகிறோம் என்பதும் விருந்தின் பகுதி என்றே நான் எண்ணுகிறேன்.

போச்சம்பள்ளியிலிருந்து: மின்சாரச் செலவுக்காவது ஏதாவது வாங்கிக்கொள்ளலாமா?

ஊத்தங்கரை வாசகருக்குச் சொன்ன பதில்தான்.

அரூரிலிருந்து: டயர் கிழிந்து வந்தால் நம் ஊர்க் கடையில் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. நம் பெரிய சைக்கிளின் 28க்கு 1½ அங்குல டயர் 635 மில்லிமீட்டர் விளிம்புக்கானது. பயணிகளில் பலர் ஓட்டும் 700சி சக்கரத்தின் விளிம்பு 622. ஒன்று மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஓசூரிலோ பெங்களூரிலோ சொல்லி, பேருந்துப் பார்சலில் வரவழையுங்கள். சீமைக் கருவேல முள் குத்திய சாதாரண பஞ்சரை நம் கடைக்காரர் நன்றாகவே ஒட்டிவிடுவார். ஆனால் பிரெஸ்டா எனப்படும் மெல்லிய வால்வுக்கு அவருடைய பம்பு பொருந்தாமல் போகலாம். விலை குறைந்த ஒரு பித்தளை அடாப்டரை வாங்கி வீட்டில் வைத்திருங்கள்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து: அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் போக விரும்புகிறார்கள்.

அழகான பாதை, யானைகளின் பாதையும்கூட. அது 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்தை ஒட்டிய காட்டுப்பகுதி. கேழ்வரகு முற்றுகிற பருவத்தில் கர்நாடகக் காடுகளிலிருந்தும் கூட்டமாக யானைகள் வருகின்றன. காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை நான்குக்குப் பின்பும் அந்தச் சாலையில் இருக்கக்கூடாது. அன்று காலையில் வனத்துறையினரிடம் கேட்டுவிட்டே அனுப்புங்கள். மிதிவண்டி சத்தமில்லாமல் போவதால், யானைக்கும் பயணிக்கும் ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரிவதில்லை.

கிருஷ்ணகிரியிலிருந்து: ஓர் இரவு மட்டும் என்றாலும் வெளிநாட்டவரைப் பதிவு செய்ய வேண்டுமா?

வேண்டும். ஓர் இரவானாலும் வேண்டும், நண்பரின் நண்பரானாலும் வேண்டும். காவல் நிலையம் பற்றிக் கேட்ட ஓசூர் வாசகருக்கு எழுதிய பதிலை முழுதும் படியுங்கள்.

பர்கூரிலிருந்து ஒரு பெண்: நான் தனியாக வசிக்கிறேன். பெண் பயணிகளை மட்டும் ஏற்றுக்கொள்ளலாமா?

ஏற்றுக்கொள்ளலாம். வார்ம்ஷவர்ஸில் உங்களைப் பற்றி எழுதும் அறிமுகக் குறிப்பின் முதல் வரியிலேயே அதை எழுதிவிடுங்கள், யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. முன்பு தங்கவைத்தவர்கள் அவரைப் பற்றி எழுதியதைப் படியுங்கள். யாரும் எதுவும் எழுதாதவராக இருந்தால் ஒருமுறை காணொலியில் பேசிப் பாருங்கள். வருகிறவரும் இதே கவலையோடுதான் வருவார் என்பதால், அவருடைய அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்த்துவைத்து, அதை முதலிலேயே அவரிடம் சொல்லுங்கள்.

காரிமங்கலத்திலிருந்து: விசா நீட்டிப்புக்கு நாம் உதவலாமா?

அது என் துறையன்று. குடியேற்றத் துறையின் இணையதளத்தில் பயணியே விண்ணப்பிக்கட்டும்.

மீண்டும் பாலக்கோட்டிலிருந்து: விடைபெறும்போது ஒரு கூடை மாம்பழம் கொடுக்க என் கணவர் ஆசைப்படுகிறார்.

அவருடைய அன்பு புரிகிறது, ஆனால் ஒரு கூடையைச் சுமந்து யாராலும் மிதிக்க முடியாது. இரண்டு செந்தூராவை நறுக்கிக் காலையிலேயே உண்ணக் கொடுங்கள். பையில் வைக்க ஒரு பிடி கடலை உருண்டை போதும். நிலக்கடலை ஒவ்வுமா என்பதை மட்டும் மறவாமல் கேட்டுவிடுங்கள்.