கிணற்றுக்குள் வந்த விலாங்கு: கேள்வி பதில்

(விலங்கியல் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றுக் காட்பாடியில் இருக்கிறேன். விலாங்கு மீனைப் பற்றி மட்டும் கேளுங்கள்.)

குடியாத்தம்: கிணறு தூர் வாரியபோது கைப் பருமனில் ஒரு விலாங்கு கிடைத்தது. கடலில் பிறக்கும் மீன் கிணற்றுக்குள் எப்படி வந்தது ஐயா?

இப்படிக் கேட்டால்தான் எனக்கும் எழுதத் தோன்றுகிறது. விலாங்குக் குஞ்சு கடலில் வேப்பிலை போலத் தட்டையாக, கண்ணாடி போல மிதக்கும். கரையை நெருங்கியதும் உருண்டு நூல் போலாகி ஆற்றில் ஏறும். தோலாலும் மூச்சு விடுவதால் மழை இரவில் ஈரப் புல்லில் ஊர்ந்தே வரப்பைத் தாண்டிவிடும். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதே, அப்படியொரு வெள்ளத்தில் வயலூர் முகத்துவாரத்திலிருந்து ஏறியிருக்கும். வருடத்தில் பாதிக்கு மேல் மணலாகக் கிடக்கும் ஆறு, குறுக்கே வாலாஜா அணைக்கட்டு, போதாததற்குத் தோல் கழிவு. இத்தனையும் கடந்து வந்த மீன் அது. சுவீடனில் பிராண்டேவிக் என்ற ஊரில், 1859-ல் ஒரு சிறுவன் கிணற்றில் விட்டதாகச் சொல்லப்படும் விலாங்கு 2014-ல்தான் செத்தது. கிணற்றுப் பூச்சிகளைத் தின்ன அந்தக் காலத்தில் அங்கே விலாங்கு விடுவார்களாம். உங்கள் விலாங்கை என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லையே. குழம்பா?

ஆம்பூர்: தொட்டால் மின்சாரம் அடிக்குமா?

அடிக்காது. மின்சாரம் அடிப்பது தென் அமெரிக்க மீன். பெயரில்தான் விலாங்கு, உறவு கெளுத்தியோடு.

காவேரிப்பாக்கம் மீன் வியாபாரி: எங்கள் ஏரி ஆரலும் விலாங்கும் ஒன்றுதான் சார். முப்பது வருடமாக விற்கிறேன்.

இல்லை அண்ணே. ஆரலின் முதுகில் வாலிலிருந்து தலைப்பக்கமாக விரலை ஓட்டுங்கள், வரிசையாக முள் தடுக்கும். மூக்கு நுனி குட்டித் தும்பிக்கை போல நீண்டிருக்கும். விலாங்குக்கு முதுகில் முள்ளே இல்லை. ஆரல் ஏரியிலேயே முட்டையிடும், கடல் அதற்குத் தேவையில்லை.

வாணியம்பாடி: விலாங்கு ரத்தம் குடித்தால் மூட்டுவலி போகும் என்கிறார்களே?

குடிக்காதீர்கள். அந்த ரத்தத்தில் நஞ்சுப் புரதம் இருக்கிறது. நன்றாக வேகவைத்தால் அழியும். பச்சை ரத்தம் கண்ணில் பட்டால் எரிந்து சிவக்கும். மீன் அறுப்பவர்கள் கை கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள்.

காவேரிப்பாக்கம்: முள்ளை விடுங்கள் சார். மிளகு அரைத்து வைத்தால் இரண்டும் ஒரே ருசி.

ருசியை வைத்து உறவு கொண்டாடினால் கோழியும் காடையும் அண்ணன் தம்பி!

ஆற்காடு: ஆரல் வேறு என்றுதான் என் பாட்டியும் சொல்வார். காவேரிப்பாக்கத்துக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

பார்த்தீர்களா அண்ணே, பாட்டி என் கட்சி.

பேர்ணாம்பட்டு: விலாங்கு மின்சாரம்...

மேலே படியுங்கள்.

ராணிப்பேட்டை: முட்டையோடு ஒரு விலாங்கும் கிடைத்ததில்லையே, ஏன்?

மனநல மருத்துவத்தில் பெயர் வாங்கிய சிக்மண்ட் பிராய்ட், மாணவராக இருந்தபோது 1876-ல் திரியெஸ்ட் நகரில் ஏறக்குறைய 400 விலாங்குகளை அறுத்து ஆண் மீனின் விந்தகத்தைத் தேடினார். தெளிவான விடை கிடைக்கவில்லை. ஆற்றில் இருக்கும்வரை இனப்பெருக்க உறுப்பு முதிராது. புறப்படும் காலம் வந்ததும் மஞ்சள் உடம்பு வெள்ளியாக மாறும், கண் பெரிதாகும், குடல் சுருங்கும். பிறகு இரை தொடாது. கடலுக்குப் போய், முட்டையிட்டதும் செத்துவிடும். ஜப்பானிய விலாங்கின் முட்டையைக் கடலில் கண்டெடுத்ததே 2009-ல்தான், மரியானா தீவுகளுக்கு மேற்கே. மீன் கடையில் எப்படிக் கிடைக்கும்?

வேலூர்: கோட்டை அகழியில் தூண்டில் போடலாமா?

தொல்லியல் துறையைக் கேளுங்கள்.

ஆம்பூர், வேறொருவர்: சார், மின்சாரம்?

இல்லை. இல்லை. இல்லை.

காவேரிப்பாக்கம்: ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். வந்து பிரித்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

முதல் பஸ்ஸில் வருகிறேன். அதுவரை அறுக்காதீர்கள். அறுத்துவிட்டால் கையைக் கழுவுங்கள்.