இந்த ஆண்டு என்னை உட்கார வைத்த ஆல்பங்கள்

பந்தலூரில் வசித்துக்கொண்டு கூடலூரில் பிள்ளைகளுக்கு வயலின் கற்றுத் தரும் பக்கவாத்தியக் கலைஞர், 2024இல் தமக்குப் பிடித்த ஆல்பங்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

2024இல் வந்த ஆல்பங்களில் உங்களுடைய முதலிடம் எதற்கு? பத்து ஆல்பங்களை வரிசைப்படுத்திச் சொல்லுங்களேன்.
— ஒரு வாசகி, குன்னூர்

பத்தை வரிசைப்படுத்த எனக்கு மனசு வராதும்மா. முதலிடத்தை மட்டும் தயங்காமல் சொல்வேன்: பாடகி கானவ்யாவின் 'டாட்டர் ஆஃப் எ டெம்பிள்'. நவம்பரில் வந்தது. கானவ்யா நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்களை ஹூஸ்டன் நகரத்துக்கு வரவழைத்து, ஒரு கூட்டு வழிபாடு போல நடத்தி அதைப் பதிவு செய்திருக்கிறார். ஆலிஸ் கோல்ட்ரேன் என்றொரு அம்மையார் இருந்தார். ஜாஸில் பியானோவும் ஹார்ப்பும் வாசித்தவர், பிற்பாடு காவி உடுத்தி, கலிஃபோர்னியாவில் ஆசிரமம் வைத்து பஜனை பாடினார், 2007இல் மறைந்தார். அவருடைய நினைவு இந்த ஆல்பம் முழுக்க இருக்கிறது.

எனக்கு ஏன் பிடித்தது என்று சொன்னால்தான் மற்ற பதில்களும் உங்களுக்குப் புரியும். நான் பக்கவாத்தியக்காரன். பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் என் காது முதலில் போய் நிற்கும். அந்த அரை நொடியில் நாலு பேரும் பாய்ந்து விழுந்து நிரப்பினால், எவ்வளவு பெரிய வித்வான்களாக இருந்தாலும் எனக்கு அலுத்துவிடும். இதில் அத்தனை பேர் இருந்தும் யாரும் முண்டவில்லை. ஒரு குரல் தயங்கினால் இன்னொரு குரல் தாங்குகிறது, பிறகு தானாக விலகுகிறது. கச்சேரி மேடையில் நாங்கள் ஆயுசு முழுக்கக் கற்றுக்கொள்ளப் பார்ப்பது இதைத்தான்.

தபலா மேதை ஜாகிர் உசேன் மறைந்த செய்தி கேட்டதிலிருந்து மனசே சரியில்லை. அவரை 'வாவ் தாஜ்' டீ விளம்பரத்தில் பார்த்ததோடு சரி, முறையாகக் கேட்டதில்லை. எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்?
— கல்லூரி மாணவர், உதகை

டிசம்பர் 15ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் அவர் போய்விட்டார். 73 வயது. எனக்கும் இன்னும் ஆறவில்லை தம்பி. இதே ஆண்டு பிப்ரவரியில்தான் ஒரே இரவில் மூன்று கிராமி விருதுகளை வாங்கினார்.

அந்த மூன்றில் ஒன்று, நம் சங்கீதத்தையும் ஜாஸையும் கலந்து வாசிக்கும் ஷக்தி குழுவின் 'திஸ் மொமென்ட்' ஆல்பத்துக்கு. வந்தது 2023இல். ஆனால் இந்த ஆண்டு முழுக்க என்னோடு இருந்தது அதுதான், இந்த ஆண்டின் கணக்கிலேயே வைக்கிறேன். ஷக்தியின் முந்தைய ஸ்டூடியோ ஆல்பம் 1977இல் வந்தது. அன்றைக்கு வயலினில் எல். சங்கர், கடத்தில் விக்கு விநாயக்ராம். இன்றைக்கு வயலினில் கணேஷ் ராஜகோபாலன், பாட சங்கர் மகாதேவன், கஞ்சிராவில் விக்குவின் பிள்ளை செல்வகணேஷ். இரண்டிலும் மாறாமல் இருப்பவர்கள் கிதாரில் ஜான் மெக்லாலினும் தபலாவில் ஜாகிரும்தான். ஜாகிர் தகப்பனோடும் வாசித்து, மகனோடும் வாசித்திருக்கிறார். முதல் பாட்டு 'ஸ்ரீனிஸ் ட்ரீம்', 2014இல் 45 வயதில் நம்மை விட்டுப் போன மாண்டலின் ஸ்ரீனிவாஸுக்காக. அவரும் இந்தக் குழுவில் வாசித்தவர். அந்தப் பாட்டை உட்கார்ந்து கேளுங்கள், நடந்துகொண்டே கேட்காதீர்கள்.

கிராமி வாங்கிய இன்னொன்று 'அஸ் வி ஸ்பீக்'. பேலா ஃப்ளெக்கின் பாஞ்சோ (கிதார் மாதிரி ஒரு தந்தி வாத்தியம்), எட்கர் மேயரின் டபுள் பேஸ், ராகேஷ் சௌராசியாவின் புல்லாங்குழல், ஜாகிரின் தபலா. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தபலா ஜோடியில் இடது கை வாசிப்பது பாயா. உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அதன் தோலை அழுத்தி நகர்த்தினால் சுருதி வளைந்து ஏறும், ஏறக்குறைய பேசுவது போலவே இருக்கும். ஜாகிரின் பாயாவுக்கு இருந்த அழகே தனி. டபுள் பேஸும் அதே கீழ்ஸ்தாயியில் உறுமுகிற வாத்தியம். இரண்டையும் ஒரே அறையில் வைத்தால் அடியில் கலங்கி, கூழாகிப் போக எல்லா வாய்ப்பும் உண்டு. இந்த ஆல்பத்தில் ஓர் இடத்தில்கூட எனக்கு அப்படிக் கேட்கவில்லை. நாலு பேரில் ஜாகிர்தான் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யார் தலைவர் என்று உங்களால் சொல்லவே முடியாது. வேகத்துக்காக அவரைப் புகழ்கிறவர்கள் நிறையப் பேர். அவர் எங்கே அடிக்காமல் விட்டார் என்று கேட்டுப் பாருங்கள்.

ஆனால் தொடங்குவதற்கு 1975 ஜூலையில் நியூயார்க் மாநிலத்து சவுத்தாம்ப்டன் கல்லூரியில் பதிவான ஷக்தியின் முதல் ஆல்பத்தைத்தான் சொல்வேன். மேடையிலேயே பதிவானது. முதல் பாட்டு 'ஜாய்', 18 நிமிடம், காட்டாற்று வேகம். அதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது 'லோட்டஸ் ஃபீட்', ஐந்து நிமிடம்கூட இல்லை. கிதாரும் வயலினும் சேர்ந்து ஒரு சின்ன மெட்டைச் சொல்லிச் சொல்லிப் பார்க்கின்றன. அப்போது ஜாகிருக்கு 24 வயது. பக்கத்துப் பாட்டில் புயல் கிளப்பிய கை, இதில் அவ்வளவு பதமாக வருகிறது. அந்த வயதில் அந்த அடக்கம் எப்படி வந்தது என்று எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

சினிமா ஆல்பம் எதுவுமே பிடிக்காதா சார்?
— வாசகர், கொடைக்கானல்

பிடிக்காமல் என்ன? 'மெய்யழகன்'. கோவிந்த் வசந்தா அடிப்படையில் வயலின்காரர், அதனால் எனக்குக் கொஞ்சம் சொந்தப் பாசமும் உண்டு. கமல்ஹாசனின் குரலில் வயதை மறைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார். குரல் நடுங்க வேண்டிய இடத்தில் நடுங்குகிறது, வாத்தியங்கள் அதை மூடப் போகவில்லை. இப்போது வருகிற பாதிப் படங்களில் பாடகரின் குரலை இஸ்திரி போட்டுத்தான் தருகிறார்கள்.

நாங்கள் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்பு. எங்கள் வீட்டுப் பையன் எந்நேரமும் ராப்தான் கேட்கிறான். கர்நாடக சங்கீதம் படித்த நீங்கள் இதை இசை என்று ஒப்புக்கொள்வீர்களா?
— ஒரு தாய், சேரம்பாடி

தாராளமாக ஒப்புக்கொள்கிறேன் அக்கா. இந்த ஆண்டு எங்கள் வீட்டில் அதிகமாக ஒலித்ததே தெருக்குரல் அறிவின் 'வள்ளியம்மா பேராண்டி'தான்.

நானும் உங்கள் மாதிரி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்று எழுதினார்கள். கொழுந்து பறிக்க மட்டுமே தெரிந்த ஜனங்களுக்கு வேலை வேண்டுமே என்று 1968இல் அரசு இங்கே தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது, அதுதான் பிறகு டான்டீ ஆனது. என் அம்மா தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, பிறகு இந்த மலைக்கு வந்தவர். அறிவின் பாட்டி வள்ளியம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர்தான். அந்தப் பேரைத் தலைப்பிலேயே வைத்து ஒரு பேரன் ஆல்பம் போடுகிறான் என்றால் எங்களுக்கு எப்படி இருக்கும்! அடுப்படியில் இருந்த அம்மா, கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்று கேட்டார். "யாரு வீட்டுப் புள்ளடா இது? நம்ம கதையச் சொல்றானே" என்றார். மறுபடி போடச் சொன்னார். எங்கள் தோட்டத்து லயன் வீட்டுக் கதையைப் பாட்டாக்கி ஊரறியச் சொல்லலாம் என்றே அவருக்கு யாரும் அதுவரை சொன்னதில்லை.

சங்கீதக் கணக்காகவும் சொல்கிறேன். தாளம் விழுவதற்கு முன்னாலேயே பாட்டை எடுத்தால் அதீத எடுப்பு, விழுந்த பிறகு எடுத்தால் அனாகத எடுப்பு என்று எங்களுக்குப் பாடம். நல்ல ராப் பாடகன் வரிக்கு வரி இதைச் செய்துகொண்டே போகிறான். ஒரு வரியில் அடியை முந்துகிறான், அடுத்ததில் பிந்துகிறான், நாலாவது வரியில் சரியாக வந்து உட்காருகிறான். உங்கள் பையனைத் தடுக்காதீர்கள். தாளம் போட்டுக்கொண்டே பாடச் சொல்லுங்கள். கை தப்பாமல் பாடினால் என்னிடம் கூட்டி வாருங்கள். காசெல்லாம் வேண்டாம்.

என் மகள் எட்டு வயதில் வயலின் கற்கத் தொடங்கியிருக்கிறாள். அவளுக்கு எந்த ஆல்பத்தைப் போட்டுக் காட்டலாம்? மழைக்காலத்தில், தந்தியை முறுக்கும் பிருடை அசையவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?
— ஒரு தந்தை, கோத்தகிரி

1986இல் வந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'. எந்த ஆண்டு யார் கேட்டாலும் இதைச் சொல்வேன். தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்கிற்கும் காணிக்கையாகப் போட்டது. வயலின் வி.எஸ். நரசிம்மன். 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்ற பாட்டில் பாக் தனி வயலினுக்கு எழுதிய ஒரு முன்னிசை வரும், 'மூன்றாவது பார்ட்டிட்டா' என்ற அவருடைய இசைத்தொகுப்பின் தொடக்கம். அதைச் சுற்றி இளையராஜா தம்முடைய வரிகளைக் கோத்திருக்கிறார். குழந்தையிடம் இந்த விவரமெல்லாம் வேண்டாம். முதல் தடவை முன்னால் ஓடும் வயலினை மட்டும் பின்தொடரச் சொல்லுங்கள். இன்னொரு நாள் அடியில் போகும் வயலின்களைத் தேடச் சொல்லுங்கள். எட்டு வயதுக் காது நம்முடையதைவிடச் சீக்கிரம் பிடித்துவிடும். 2024இல் தாம் ஒரு முழு சிம்பொனியை எழுதி முடித்துவிட்டதாக இளையராஜா அறிவித்தார். 2025 மார்ச்சில் லண்டனில் அது அரங்கேறும்வரை நானும் என் மாணவர்களும் காத்துக்கொண்டிருந்தோம்.

பிருடை விஷயம்: நம் மலையில் மரம் ஈரத்தைக் குடித்து உப்பிவிடும். பலவந்தமாகத் திருகினால் பிருடை மாட்டும் பகுதியே விரிசல் விடும். பிருடையைக் கழற்றி, மெல்லிய துணியால் துடைத்து, காய்ந்த சோப்பை லேசாகத் தேய்த்து மாட்டுங்கள். ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், நாலையும் சேர்த்துக் கழற்றினால், தந்திகளைத் தாங்கும் குதிரை சாய்ந்துவிடும். ஜனவரி உறைபனிக் காலத்தில் இதற்கு நேர்மாறாக வழுக்கும், அப்போது கொஞ்சம் சாக்பீஸ் தூள். புதுச் செருப்புப் பெட்டியில் வருகிற, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல் மழைக்காலத்தில் வயலின் பெட்டிக்குள் வையுங்கள். வாசித்து முடித்ததும் வில்லின் திருகைத் தளர்த்த அவளைப் பழக்குங்கள். காற்று வறண்டால் வில்லின் மயிர் சுருங்கும், முறுக்கியபடியே வைத்தால் கம்பே வளைந்துவிடும்.

ஜூலை மாதம் வயநாட்டுச் செய்தி வந்த நாட்களில் என்ன கேட்டீர்கள்?
— வாசகி, பந்தலூர்

அந்த நாட்களில் வயலின் பெட்டியைத் திறக்கவே இல்லை. ஜூலை 30 விடியுமுன் நிலச்சரிவில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போயின. நம் பக்கத்து எஸ்டேட்காரர்களுக்கு அங்கே கொண்டான் கொடுத்தான் உறவு, உங்களுக்கே தெரியும். பாட்டுக்குப் பதில் போன் மணிதான் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு முதலில் கேட்டது அனுஷ்கா ஷங்கரின் 'சாப்டர் 2: ஹவ் டார்க் இட் இஸ் பிஃபோர் டான்'. ஏப்ரலில் வந்த சின்ன ஆல்பம். சிதாரில் அவருக்கு எவ்வளவு வேகம் வரும் என்று எல்லோருக்கும் தெரியும், இதில் அந்த வேகத்தை எடுக்கவே இல்லை. ஒரு சுரத்தைத் தட்டிவிட்டு அது அடங்கும்வரை விட்டுவிடுகிறார். துக்கத்தில் இருக்கிறவர்களிடம் அதிகம் பேசக் கூடாது என்று தெரிந்த ஒருவர் வாசித்த மாதிரி எனக்கு இருந்தது.

பிடித்த பாட்டை மட்டும் போனில் கேட்டால் போதாதா? முழு ஆல்பம் கேட்க யாருக்கு நேரம்? எங்கள் ஊரில் டவரும் கிடைப்பதில்லை.
— வாசகர், தேவாலா

நேரம் உங்களுக்கு இருக்கிறது. கூடலூரிலிருந்து உதகைக்குப் பஸ்ஸில் போனாலே ஓர் ஆல்பம் முடிந்து இன்னொன்று பாதி ஓடும். டவர் கிடைக்கும் இடத்திலேயே முழு ஆல்பத்தையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஷஃபிளை அணைத்துவிடுங்கள். எந்தப் பாட்டுக்குப் பின் எது வர வேண்டும் என்று அந்தக் கலைஞர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார்கள். வயர் வைத்த சாதாரண ஹெட்போன் போதும், ஆனால் இரண்டு காதிலும் மாட்டுங்கள். ஒரு காதில் மட்டும் மாட்டினால் இடது பக்கம் இருக்கிற வாத்தியக்காரர் உங்களுக்கு இல்லவே இல்லை. நடுவட்டம் ஏறும்போது காது அடைக்கும், அங்கே மட்டும் நிறுத்திவிட்டு எச்சில் விழுங்கிக்கொண்டு மறுபடி போடுங்கள்.