விரல் ஒரு வரியில், வாய் வேறு வரியில்

கேள்வி: வணக்கம் டீச்சரம்மா. நான் இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தவள். எங்கள் தெரு மையம் நின்ற பிறகும் பிள்ளைகள் வருவதை நிறுத்தவில்லை; மாலை ஐந்து மணிக்கு என் வீட்டுத் திண்ணை நிறைந்துவிடுகிறது. அவர்களில் ஒரு பையன் 2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவன், இப்போது ஆறாவது. தமிழ்ப் பாடத்தைக் கடகடவென்று சொல்கிறான். விரல் மட்டும் வேறு வரியில் போகிறது. நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டினால் விழிக்கிறான். சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைத்து ஆனா ஆவன்னாவிலிருந்து மறுபடி தொடங்கினேன். இரண்டு நாள் ஆளையே காணவில்லை. அவனை அழைத்துப்போக வரும் பாட்டி, வகுப்பு முடியும்வரை தூணோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். போன வாரம், "எனக்கும் எழுத்து வருமா தாயீ?" என்று கேட்டார். நூறு நாள் வேலைக்குப் போகிறவர், கைநாட்டுத்தான். பேரனையே பாட்டிக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தால் இருவரும் சேர்ந்து கற்றுக்கொள்வார்களே என்று நினைக்கிறேன். சரிதானா?
— ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். கேட்பதற்கு அழகான யோசனைதான். யாராவது படமெடுத்துச் செய்தியாகக்கூடப் போடுவார்கள். ஆனால், தனக்குப் படிக்க வராது என்பதை ஐந்து வருடமாக மூடி மறைத்து வைத்திருக்கிற பையன் அவன். பாட்டிக்கு வாத்தியாராக உட்கார வைத்தால் முதல் நாளே குட்டு உடைந்துவிடும். இருவரையும் தனித்தனியாகப் பாருங்கள்.

பையனை யாரும் மக்கு என்று சொல்ல விடாதீர்கள். வகுப்பே சேர்ந்து கத்திப் படிக்கும்போது காதால் வாங்கி, பாடம் பாடமாக மனத்தில் ஏற்றி, பக்கத்தைப் புரட்ட வேண்டிய இடத்தில் சரியாகப் புரட்டி, ஆசிரியர் கண்ணிலேயே மண்ணைத் தூவியிருக்கிறான். அதற்கு நல்ல மூளை வேண்டும். அவன் சேர்ந்த வருடத்தையும் பாருங்கள். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கூடம் ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தது. எழுத்து படிய வேண்டிய ஒன்றாம் வகுப்பு முழுசாகவும் இரண்டாம் வகுப்பில் பாதியும் அப்படிப் போயிற்று. சின்ன வகுப்புகளில் எழுத்தும் கணக்கும் படிய வைக்க 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது அவன் மூன்றாவது. அதற்குள் ஒப்பிக்கும் வித்தையைப் பழகியிருப்பான்.

அவன் இரண்டு நாள் வராததற்குக் காரணம் ஆனா ஆவன்னா இல்லை, சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைத்ததுதான். மீசை முளைக்கக் காத்திருக்கும் வயது அது. "பாய் விரிக்க ஆள் வேண்டும், அரை மணி முன்னாலேயே வந்துவிடு" என்று அழையுங்கள். பாயை விரித்துவிட்டு மீதி இருபது நிமிடம் அவனுக்கு. ஆறாம் வகுப்புப் புத்தகத்தை அவன் கையிலிருந்து பிடுங்காதீர்கள். ஒரு பக்கத்தை நீங்கள் படியுங்கள், அவன் கேட்கட்டும். பிறகு அதே பக்கத்தில், அவனுக்குத் தெரிந்த எழுத்துகள் மட்டும் உள்ள சொற்களைப் பென்சிலால் வட்டமிடட்டும். முதல் வாரம் இரண்டு வட்டம் விழுந்தால் போதும்.

எந்த எழுத்தில் தொடங்குவது? 247ஐயும் வரிசையாக ஒப்பிக்க அவனுக்குத் தெரிந்தேதான் இருக்கும், அங்கேதான் ஏமாந்துபோகிறோம். ப, ட, ம மூன்றையும் எடுங்கள். அவற்றின் மேல் புள்ளி. அவ்வளவுதான். படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொல் வந்துவிட்டது. துணைக்காலைச் சேர்த்தால் பாடம், மாடம், மாமா, டப்பா, பாப்பா, பட்டா. மேல்விலங்கு வந்தால் படி, மடி, பாட்டி. ஒரு சொல்லை அவன் படித்ததும் ஒரே ஓர் எழுத்தை மாற்றி அடுத்த சொல்லைக் காட்டுங்கள். மனப்பாடம் அங்கே செல்லாது. எழுத்தைப் பார்த்தே தீர வேண்டும்.

புள்ளி வைத்த எழுத்தில் ஒரு பொறி இருக்கிறது. க், ம் என்பவற்றை 'இக்', 'இம்' என்று சொல்லித்தான் நாம் எல்லோரும் கற்றோம். அதனால் 'படம்' என்று எழுதிக் காட்டினால் பிள்ளை "ப... ட... இம்" என்கிறது. சேர்த்துச் சொல் என்றால் "படயிம்" என்று சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்க்கிறது. தவறு பிள்ளையுடையது அல்ல. உதட்டை மூடி 'ம்ம்ம்' என்று மட்டும் சொல்லிக் காட்டுங்கள். "பட" என்று தொடங்கி உதட்டை மூடச் சொல்லுங்கள். அந்த நொடியில் பிள்ளையின் புருவம் ஏறும், பாருங்கள். முப்பது வருடம் சம்பளம் வாங்கினேன், எனக்குப் பிடித்த காட்சி இன்றும் அதுதான்.

'படம்' என்பதில் ட மெலிந்தும் 'பட்டம்' என்பதில் வலுத்தும் ஒலிக்கிறதே, அதற்கு விதி சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். தமிழ் பேசும் பிள்ளைக்குச் சொல் பிடிபட்டால் நாக்கு தானாகத் திரும்பும். கொம்பு வரும்போதுதான் நிதானம் வேண்டும். 'மேடு' என்ற சொல்லில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ' என்றால் இரண்டு பக்கமும் அணை கட்டியதுபோல நிற்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் படித்துப் பழகுகிற பிள்ளை இங்கே தடுமாறுவது நியாயம்தான். கொம்பையும் எழுத்தையும் ஒரே அட்டையில் எழுதி, பிரிக்க முடியாத ஒற்றை உருவமாகவே காட்டுங்கள். கு, சு, து, பு வரிசையில் குறி ஆளுக்கொரு வடிவம் எடுக்கிறது. வாரத்துக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ன, ண சண்டையை இப்போது தொடவே வேண்டாம்.

பள்ளியில் அவனுடைய தமிழாசிரியரையும் ஒருமுறை பாருங்கள். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பின்தங்கிய பிள்ளைகளுக்காக 2025இல் 'திறன்' பயிற்சி தொடங்கியிருக்கிறது. கடகடவென்று ஒப்பிக்கிற பையன் அந்தக் கணக்கிலிருந்து தப்பியிருக்கக்கூடும்.

இனி பாட்டி. அவருக்கு முதல் பாடம் கண்ணாடி. ஊசியில் நூல் கோக்கச் சொல்லிப் பாருங்கள். கையை நீட்டித் தள்ளிப் பிடித்தால், எழுத்தைப் பற்றிப் பேசும் முன் அரசு மருத்துவமனைக் கண் பிரிவுக்கு அழைத்துப்போங்கள். நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கிட்டப்பொருள் மங்குவது இயல்பு. அதைச் சொல்லத் தெரியாமல், "எனக்கு மண்டையில் ஏறவில்லை" என்று எழுந்து போனவர்களை நான் கணக்கில்லாமல் பார்த்திருக்கிறேன்.

1991இல், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தந்த புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் நானும் ஒரு தொண்டர். கல்லுடைக்கும் பெண்கள் இருந்த ஒரு குடியிருப்பு. இரவு ஏழு மணிக்கு அரிக்கேன் விளக்கு. படித்த பெண் என்ற மிடுக்கில் கரும்பலகையில் அ, ஆ, இ என்று எழுதினேன். முதல் நாள் இருபது பேர், நான்காம் நாள் ஆறு. அந்த ஆறு பேரில் ஒருவர்தான் வாயைத் திறந்தார். "இது இருக்கட்டும் பாப்பா. பஸ் போர்டைப் படிக்கச் சொல்லித் தா. எவனோ கைகாட்டினான்னு ஏறி, திருச்சிக்குப் போற பஸ்ஸில் உட்கார்ந்துட்டேன்" என்றார். மறுநாள் பஸ் போர்டில் வருகிற ஊர்ப் பெயர்களை அட்டையில் பெரிதாக எழுதிக்கொண்டு போனேன். போனவர்கள் திரும்பி வந்தார்கள். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த அந்தக் காலத்தில்தான் அங்கே பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் பழகினார்கள். அ, ஆவைவிடச் சைக்கிள்தான் பலரை வகுப்புக்கு இழுத்தது என்று நான் சொன்னால் பழைய தோழர்கள் சிலர் சண்டைக்கு வருவார்கள்.

ஆகவே பாட்டியிடம், எதைப் படிக்க ஆசை என்று கேளுங்கள். பெரும்பாலும் சொந்தப் பெயர்தான் முதலில் வரும். பெயர் காத்தாயி என்று வைத்துக்கொள்வோம். கா, த், தா, யி: நான்கு எழுத்து. அதிலேயே 'தாத்தா' இருக்கிறது. யகரத்துக்குப் புள்ளி வைத்தால் காய், தாய். விரலால் மணலிலோ அரிசிமாவிலோ எழுதட்டும், பென்சில் அப்புறம். கோலம் போட்ட கை. வளைவும் சுழியும் நமக்கு முன்னால் அவருக்கு வரும். நேரம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, கூட இரண்டு பெண்கள் இருந்தால் கூச்சம் இருக்காது. பேரனின் திண்ணை வகுப்பில் சேர்க்க வேண்டாம்.

அறிவொளியில் கற்றவர்களில் பலர் சில வருடங்களில் மறந்தும்போனார்கள். வகுப்பு நின்றபின் அவர்கள் கையில் படிக்க எதுவும் இல்லை. காதணி விழாப் பத்திரிகை, கோயில் திருவிழாச் சுவரொட்டி, வேலை அட்டை, ரேஷன் கடைப் பலகை என்று பெரிய எழுத்தில் கிடைப்பதையெல்லாம் சேர்த்து வையுங்கள். 15 வயது கடந்தவர்களுக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022 முதல் நடக்கிறது. பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கேட்டு, அதில் அவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

ஒன்றை மறந்துவிட்டேன். கையெழுத்துப் போட வந்ததும் பாட்டி நேரே வங்கிக்குப் போய்ப் போட்டுக்காட்ட ஆசைப்படுவார். கணக்கில் இருப்பது கைரேகை. பணம் எடுக்கும் படிவத்தில் திடீரென்று கையெழுத்து இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் குடியிருப்புப் பெண் ஒருவர் அப்படித் திரும்பி வந்து, ஒரு மாதம் எழுத்துப் பக்கமே தலைவைக்கவில்லை. முதலில் பாஸ்புக்கையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு நீங்களும் கூடப் போய், கையெழுத்தை மாற்றிப் பதிய எழுதிக்கொடுங்கள். கையெழுத்து ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி விழ ஆரம்பித்த பிறகு போனால் போதும்.