பதில்: ரத்தம் விற்கும் வேலைக்காரப் பையன் வரும் இந்திப் படம்

அம்மாவுக்குப் போட்டுக் காட்ட, பெயர் தெரியாத ஓர் இந்திப் படத்தைக் கேட்டு, ‘பாக்பான்’ தானா என்றீர்கள். நீங்கள் தேடுவது ‘பாக்பான்’ இல்லை. அமிதாப் நடித்த அந்த 2003 படத்தில் அப்பா வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கைகொடுப்பது வளர்ப்பு மகனாக வரும் சல்மான் கான். பணம் வருவது அப்பா எழுதிய புத்தகத்தால். நீங்கள் சொன்ன மூன்று அடையாளமும், அதாவது கை செயலிழந்த மெக்கானிக் அப்பா, ரத்தம் விற்றுக் காசு கொண்டுவரும் வேலைக்காரப் பையன், பெட்ரோல் மிச்சப்படுத்தும் கார்புரேட்டர் (எஞ்சினில் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்), சேர்ந்து வருவது 1983இல் மோகன் குமார் இயக்கிய ‘அவதார்’ படத்தில்தான். ராஜேஷ் கன்னா, ஷபானா ஆஸ்மி ஜோடி. வேலைக்காரப் பையன் சேவக்காக நடிகர் சச்சின். பெற்ற மகன் வீட்டைத் தன் மனைவி பேருக்கு மாற்றிக்கொள்ள, சம்பளமே கேட்காமல் பெற்றோருடன் வருபவன் சேவக்தான். படத்தின் உயிரே அந்தப் பாத்திரம்.

வெறும் பெயரைப் போட்டுத் தேடினால் 2009 ஹாலிவுட் படம்தான் வந்து குவியும். ஆங்கில எழுத்தில் ‘டி’க்குப் பிறகு இரண்டு ‘ஏ’ போட்டு, கூடவே ராஜேஷ் கன்னா, 1983 என்று சேருங்கள். சரிபார்க்க வைஷ்ணோ தேவி மலைப்பாதைப் பாட்டு போதும்: ‘சலோ புலாவா ஆயா ஹை’.

அம்மாவுக்கு இந்தி தெரியாது என்கிறீர்கள். இதே கதை 1984இல் தமிழில் ‘வாழ்க்கை’ என்று வந்தது. சிவாஜி, அம்பிகா, இளையராஜா இசை. முதலில் அதைப் போட்டுக் காட்டுங்கள். சிவாஜிக்காகவே கடைசிவரை உட்கார்ந்து பார்ப்பார்.