எட்டடி விரியன்: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் பக்கம் கட்டுவிரியனை எட்டடி விரியன் என்பார்கள். கடிபட்டவர் எட்டு அடி வைப்பதற்குள் விழுந்துவிடுவார், அதனால்தான் அந்தப் பெயர் என்கிறார் என் மாமனார். உண்மையா? 'கட்டு' என்பதற்கு என்ன பொருள்? கண்ணாடி விரியனும் இதுவும் ஒரே இனமா?

கவிதா

அன்புள்ள கவிதா,

எட்டடிக் கதை உண்மையில்லை. அந்தப் பெயர்மேல் எனக்குக் கோபமே உண்டு. அது பயமுறுத்துகிறது என்பதற்காக அல்ல, பொய்த் தைரியம் கொடுக்கிறது என்பதற்காக.

கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும் பாம்பு. தரையில் பாய் விரித்துத் தூங்குபவர்களைத்தான் அதிகம் கடிக்கிறது. எறும்பு கடித்ததுபோலச் சுருக்கென்கிறது. எழுந்து லைட்டைப் போட்டால் எதுவும் இல்லை. வீக்கம் இல்லை, பல் பட்ட தடம்கூடப் பல சமயம் தெரிவதில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து படுத்துவிடுகிறார். எட்டடி என்ன, எண்பது அடி நடந்தாயிற்றே, விஷப்பாம்பாக இருக்காது என்று நிம்மதி. விடியும்போது வயிற்றைப் பிசைகிறது. ராத்திரி சாப்பிட்டது சேரவில்லை என்று ஓமத்தண்ணீர் கொடுக்கிறார்கள். அப்புறம் இமையைத் தூக்க முடிவதில்லை, எச்சில் விழுங்க முடிவதில்லை, பேச்சு குழறுகிறது. கடைசியில் மூச்சுவிடும் தசைகள் ஓய்ந்துபோகின்றன. ஆகவே ராத்திரி தரையில் படுத்தவருக்குக் காலையில் காரணமில்லாத வயிற்றுவலியும் இமைச்சரிவும் இருந்தால், கடித்த அடையாளத்தைத் தேடிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

'கட்டு' என்பது உடம்பில் உள்ள பட்டைதான். கருநீல மினுமினுப்பின் குறுக்கே நூல் சுற்றிக் கட்டியதுபோல மெல்லிய வெள்ளை வரிகள், பெரும்பாலும் ஜோடி ஜோடியாக. தலைப்பக்கம் மங்கலாக இருக்கும், வாலை நோக்கிப் போகப்போகத் தெளியும். இதைப்போலவே பட்டை போட்ட விஷமில்லாத பாம்பு ஒன்று வீடுகளுக்குள் வரும். அதற்குத் தலைப்பக்கம் பட்டை தெளிவு, வால்பக்கம் மங்கல். இருட்டில் இதையெல்லாம் நம்பிப் பக்கத்தில் போகாதீர்கள்.

உயிரியல்படி இது விரியனே அல்ல, நல்லபாம்பின் குடும்பம். கண்ணாடி விரியன் கடித்தால் வீங்கும், வலிக்கும், ரத்தம் உறையாமல் போகும். 'விரியன்' என்ற பொதுப்பெயரால் இங்கேயும் வீக்கத்தை எதிர்பார்த்து ஏமாறுகிறோம். கட்டுவிரியன் வகையின் அறிவியல் பெயரான 'பங்காரஸ்' தெலுங்கிலிருந்து வந்தது. பாட்ரிக் ரஸ்ஸல் 1796-இல் வெளியிட்ட பாம்பு நூலில் மஞ்சள் பட்டை போட்ட இதன் உறவுப் பாம்பை 'பங்காரும் பாமா' என்று குறித்திருக்கிறார். பங்காரு என்றால் தங்கம்.

இன்னொன்றையும் உங்கள் மாமனாரிடம் சொல்லுங்கள். விஷம் முழுக்க ஏறியவருக்குக் கை கால் அசையாது, கண்மணிகூட விரிந்து நின்றுவிடும். பார்ப்பவர்கள் போய்விட்டார் என்றே நினைப்பார்கள். உள்ளே நினைவு இருக்கலாம். விஷமுறிவு மருந்தோடு வெண்டிலேட்டரில் சில நாள் வைத்திருந்து, எழுந்து நடந்து வீட்டுக்குப் போனவர்கள் நிறையப் பேர். நம் நாட்டில் கிடைக்கும் மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் பொதுவானது. அதனால் பாம்பை அடித்துப் பையில் போட்டுக் கொண்டுபோக வேண்டியதில்லை.

தரையில் படுக்கிறவர்கள் கொசுவலை கட்டி, அதன் ஓரத்தை நாலு பக்கமும் பாய்க்கு அடியில் செருகிவிட்டுப் படுக்கட்டும்.